மண்டையனுக்கு ஒரு மகுடம்

குழந்தைக்கு முழுப்பெயர் வைத்துவிட்டுப் பிறகு அதைச் சுருக்கிச் செல்லமாகக் கூப்பிடுகிறவர்கள் ஒரு ரகம். இன்னொரு ரகத்துக்குச் செல்லப்பெயர்தான் முதலில். அதற்கு ஒத்துப்போகிற முழுப்பெயரைத் தேடி அலைவது அப்புறம். தொப்பியை வாங்கிவிட்டுத் தலையைத் தேடுகிற இந்த ரகத்துக்குப் பெயர்ப்பொருத்தக்காரர் என்று பெயர். உங்கள் தெருவில் அப்படி யாரும் இல்லை என்கிறீர்களா? அதைக் கடைசியில் பேசிக்கொள்வோம்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். மருத்துவச்சி கை கழுவுவதற்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். ஆணா பெண்ணா என்று கேட்க மாட்டார். "என்னான்னு கூப்புடுறீங்க?" என்றுதான் கேட்பார்.

யுத்தத்தில் ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளில் இந்தப் பதவியை வகித்தவர் சுருட்டண்ணே. ஊரில் சுருட்டே கிடைக்காமல் போய், காய்ந்த பப்பாளி இலையைச் சுருட்டிப் புகைத்து இருமிக்கொண்டிருந்த நாளிலும் அவர் சுருட்டண்ணேதான்.

அங்கே ரயிலுக்குக் கொடி காட்டுகிற நாகையாவுக்கும் பவுனம்மாளுக்கும் ஆண் குழந்தை பிறந்தது. தலை கொஞ்சம் பெரிது. கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நாகையாவின் அப்பாவை எல்லாரும் மண்டையன் என்றே கூப்பிடுவார்கள். அந்த மண்டை திரும்பி வந்துவிட்டதால் பெயரும் கூடவே வந்துவிட்டது.

"வேலாயுதம்னு வெச்சிரலாமாண்ணே?" என்றார் நாகையா.

"கூர்மையான பேரு. அந்த மண்டை அதுல நிக்காது."

"அப்ப இராமலிங்கம்?"

"சாதுவான பேரு லா. மண்டையன்னா ஓடி வர்ற புள்ள, ராமலிங்கம்னா உக்காந்துக்கும்."

பவுனம்மாளுக்கு இந்த ஆராய்ச்சியே பிடிக்கவில்லை. பங்கீட்டுக் கடையில் முழுப்பெயரைப் பதிந்தால்தான் குழந்தைக்கும் ஒரு டின் அரிசி கிடைக்கும். தாய்ப்பால் போதவில்லை. மரவள்ளிக் கஞ்சியை ஊட்டினால் மண்டையன் அதை அவள் முகத்திலேயே துப்பினான்.

"ஏதாவது ஒரு பேரச் சொல்லுங்கண்ணே. புள்ளைக்கு அரிசி வேணும்."

"அரிசி ஒரு வாரத்துல தீந்துரும்மா. பேரு ஆயுசுக்கும் நிக்கணும்."

இந்த ரகத்தைப் பேச்சில் யாராவது ஜெயித்ததுண்டா?

சுருட்டண்ணே ஒவ்வொரு பெயரையும் பின்வாசலில் நின்று சோற்றுக்குக் கூப்பிடுவது போல் ஒருமுறை, அடிக்கக் கூப்பிடுவது போல் ஒருமுறை, ஜப்பானிய வாத்தியார் கூப்பிடுவது போல் கடைசியில் மரியாதைக்கு 'சான்' சேர்த்து வேலிக்கு ஒரு கும்பிடும் போட்டு ஒருமுறை கூவிப் பார்த்து, தொண்டை கட்டிக்கொண்ட பெயர்களையெல்லாம் தள்ளிவிட, சோறு என்று நம்பி ஓடிவந்த அடுத்த வீட்டுப் பிள்ளைகள் முகம் தொங்கிப்போய்த் திரும்பினார்கள். குழந்தைக்குத் தலை நின்றது. உட்காரவும் பழகிவிட்டது. பெயர்தான் வரவில்லை.

கடைசியில் ஒருநாள் குழாயடியில் முகம் கழுவும்போது உதித்தது.

"மகுடேஸ்வரன். மண்டைன்னு ஒண்ணு இருந்தா மேல மகுடம் இருக்கணுமில்ல?"

நாகையா உருகிப்போனார். அன்றே ஓடிப்போய்ப் பதிந்துவிட்டு வந்து, "எங்கடா என் மண்டையன்?" என்று குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினார். அதற்குப் பிறகு அந்த மகுடத்தை அந்த வீட்டில் யாரும் தொடவில்லை.

அரிசி போடுகிற நாள் வந்தது. கணக்கு எழுதுகிற கடைக் கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்.

"மகுடேஸ்வரன்."

யாரும் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். இடுப்பில் மண்டையனோடு நின்ற பவுனம்மாள் பக்கத்து வீட்டு இராஜம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். "யாரு லா அந்தப் பெரிய மனுசன்? அரிசிக்குக்கூட அசைய மாட்டேங்கிறாரு."

ஆண்கள் வரிசையில் நின்ற சுருட்டண்ணே கண்ணை மூடி ரசித்தார். "பேருன்னா இப்படி இருக்கணும். வெச்சவன் கெட்டிக்காரன்."

கிராணி அந்தப் பெயரின் மேல் கோடு கிழித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்.

"ஆபத்சகாயம்."

அதற்கும் பதில் இல்லை. சுருட்டண்ணே முகத்தைச் சுளித்தார். "எவன் வெச்சானோ இந்தப் பேர. ஆளுக்குக் கொஞ்சங்கூடப் பொருந்தாது."

"ஏங்க, அது நீங்கதாங்க," என்றாள் பெண்கள் வரிசையில் நின்ற அவர் மனைவி மாரியாயி. சொன்னவள் அவரை நம்பாமல் தானே முன்னால் போய் அரிசியை வாங்கினாள்.

அப்போதுதான் பவுனம்மாளுக்கு உறைத்தது. மகுடேஸ்வரன் தன் இடுப்பிலேயே விரல் சூப்பிக்கொண்டிருக்கிறான். ஓடிப்போய்க் கேட்டாள். "கோடு கிழிச்சாச்சும்மா. இனி அடுத்த மாசம்," என்று கிராணி கையை விரித்தார். பவுனம்மாள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். இதை எழுதும்போது எனக்கும் சிரிப்பு வரவில்லை.

மாரியாயி தன் புருஷனின் அரிசியை அப்படியே பவுனம்மாளின் பையில் கொட்டினாள்.

"பேரு வெச்சவரு சோறும் போடட்டும்."

அன்று மண்டையன் அரிசிக்கஞ்சி குடித்தான், துப்பவில்லை. ஆபத்சகாயம் மரவள்ளிக்கிழங்கு தின்றார்.

சரி, உங்கள் தெருவில் பெயர்ப்பொருத்தக்காரர் யாரும் இல்லை என்றீர்களே. இவ்வளவு நேரம் படித்ததில், மண்டையனுக்கு மகுடேஸ்வரனைவிடப் பொருத்தமாக ஒரு பெயர் உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா? தோன்றியிருந்தால், அடுத்த முறை அரிசி வாங்கப் போகும்போது உங்கள் முழுப்பெயர் தெரிந்த யாரையாவது கூடக் கூட்டிக்கொண்டு போங்கள்.