ஆடாத டிரெய்லருக்கு இன்னொரு சாமான்

வாங்கித் தீர்ப்பவர் என்று ஓர் இனம் இருக்கிறது. வண்டியோ உடம்போ, எங்கே ஒரு கோளாறு வந்தாலும் கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டுவார். இருக்கிற ஒன்றை ஒரு முழம் நகர்த்தி வைக்கச் சொன்னால் மட்டும் அவருக்குக் காது கேட்காது. அவரைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம். தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் கல்யாண மேடை போடுகிற ஆரோக்கியநாதனைப் பார்த்தால் போதும்.

அவரிடம் ஒரு பிக்கப் உண்டு. அது இழுப்பதற்கு, அதைவிட நீளமான டிரெய்லர் ஒன்று உண்டு. மேடையின் இரும்புச் சட்டம், இருநூறு பிளாஸ்டிக் நாற்காலி, பந்தல் துணி எல்லாம் அதில் ஏறும். ஏறியதும் ஆட்டம் தொடங்கும். டிரெய்லர் பின்னாலிருந்து இழுக்கும், தள்ளும், முன் சீட்டில் இருப்பவர்களைத் தூக்கிப் போடும். இதைச் சரிசெய்ய அவர் ஸ்பிரிங் மாற்றினார், அதிர்வைத் தாங்கும் அப்சார்பர் மாற்றினார், அடியில் காற்றுப் பை வைத்தார், இழுக்கிற கொக்கிக்கு ரப்பர் போட்டார், கடைசியில் மனைவியின் இடுப்புக்கு ஒரு மெத்தை வாங்கினார். ஒவ்வொன்றையும் மாட்டியதும் ஒரு சடங்கு நடக்கும். பிக்கப்பின் பின்பக்கத்தை இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கிவிட்டு, நாடி பார்க்கிற வைத்தியரைப் போல வானத்தைப் பார்ப்பார். "தொட்டில் மாதிரி இருக்கு லா," என்பார். மறுநாள் தொட்டில் குதிக்கும். "புது சாமான் இல்லையா, கொஞ்சம் ஓடி செட்டாகணும்," என்பார். அது செட்டாவதற்குள் அடுத்த சாமான் வந்துவிடும்.

மனைவி நவோமிக்கு இது இடுப்போடு போகிற விஷயம் இல்லை. அவர் கல்யாண கேக் செய்பவர். மேடைக்குச் சொல்கிறவர்கள் கேக்கையும் அவரிடமே சொல்வார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு கணவர் பக்கத்தில் உட்கார்ந்து போவது வழக்கம். போன இரண்டு கல்யாணத்திலும் மூன்றடுக்காகப் புறப்பட்ட கேக் ஒன்றரை அடுக்காகப் போய்ச் சேர்ந்தது. அடுத்து நிபோங் திபால் ஊரில் நடக்கவிருக்கும் கல்யாணத்திலும் அப்படியே ஆனால் அவரிடம் இனி யார் கேக் சொல்வார்கள்?

காரணம் நவோமிக்குத் தெரியும். போய் இறங்கியதும் முதலில் மேடை போட வேண்டும், ஆகவே மேடை இரும்பு முதலில் இறங்க வேண்டும், ஆகவே அது கடைசியில் ஏற வேண்டும்: இது ஆரோக்கியநாதனின் இருபது வருடச் சட்டம். கனமெல்லாம் டிரெய்லரின் வாலில்.

"ஏங்க, அந்த இரும்ப முன்னால தள்ளி, சக்கரத்துக்கு மேல வர்ற மாதிரி ஏத்துங்களேன். வாலு கனம் நம்ம பிக்கப்பத் தூக்கித் தூக்கிப் போடுது."

"உனக்கு கேக்கு தெரியும். வண்டி தெரியுமா?"

"திரும்பி வரும்போது மேடையத்தான் முதல்ல பிரிக்கிறோம். இரும்பு முன்னால ஏறிடுது. அப்ப ஆடுதா?"

"வீட்டுக்குப் போற வண்டி சந்தோஷமாத்தான் லா போகும்."



கல்யாணத்தன்று காலை, டிரெய்லரில் எல்லாவற்றையும் ஏற்றி முடித்துவிட்டு ஆரோக்கியநாதன் குளிக்கப் போனார். அவர் குளியல் முக்கால் மணி நேரம். நவோமி, மேடை வேலைக்கு வருகிற புவனேஸ்வரனைக் கூப்பிட்டார்.

"தம்பி, எல்லாத்தையும் இறக்குங்க. இரும்ப முன்னால ஏத்துங்க."

"அண்ணன் என்னைக் கொன்னுடுவாரு அக்கா."

"கேக் விழுந்தா நான் கொல்லுவேன். யார் கையால சாகணும்னு நீங்களே பாத்துக்குங்க."

இரும்பு முன்னால் போயிற்று, நாற்காலிகள் வாலுக்குப் போயின, மேலே தார்ப்பாய் மூடிக்கொண்டது.

தீவிலிருந்து அக்கரைக்குப் போகிற கடற்பாலத்தின் மேல் பிக்கப் வழுக்கிக்கொண்டு போயிற்று. பாலம் முடிந்து பிறை என்கிற ஊரில் இறங்கும்போது நவோமி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். உச்சியிலிருந்த சர்க்கரை ரோஜாவின் இதழ்கூட அசையவில்லை. ஆரோக்கியநாதன் ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"முந்தாநாள் மறுபடி மாத்தின அப்சார்பர். ஜப்பான் சாமான்னா சும்மாவா?"

மண்டபத்தில் கேக் மூன்றடுக்காகவே மேசை ஏறியது. மணப்பெண்ணின் சித்தி ஷார்லின், தன் மகள் கல்யாணத்துக்கும் நின்ற இடத்திலேயே நவோமியிடம் கேக் சொல்லிவிட்டார். அதற்குள் வெளியே தார்ப்பாய் விலகியது. ஆரோக்கியநாதன் பார்த்தார். புவனேஸ்வரன் தரையைப் பார்த்தார்.

"யாரு இப்படி ஏத்தினது?"

"நான்தான் ஏத்தச் சொன்னேன்," என்றார் வெளியே வந்த நவோமி. "அதனாலதான் ஆடல."

அவர் யோசித்தார். ஒரு கணம், ஒரே கணம், அவர் முகத்தில் ஏதோ தெளிவு வரப் பார்த்தது. பிறகு அங்கே நின்றிருந்த பிக்கப்காரர்கள் இரண்டு பேரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"பாத்தீங்களா? இவ்வளவு தப்பா ஏத்தியும் ஆடல. அப்படின்னா அந்த அப்சார்பர் எப்பேர்ப்பட்ட சாமான்னு யோசிங்க."

இரண்டு பேரும் அப்சார்பர் வாங்கிய கடையின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கழுத்து வலிக்காக நீங்கள் வாங்கிய மூன்றாவது தலையணை பிரமாதமாக வேலை செய்கிறது என்று நீங்களும் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டுதான் திரிகிறீர்கள். ஒன்றை மட்டும் விசாரித்துவிடுங்கள்: நீங்கள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, மூலையிலிருந்த தொலைக்காட்சியை உங்கள் முகத்துக்கு நேராக நகர்த்தி வைத்தது யார்?