டிரில்லிங் மெஷினா, நானா?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, அத்தான் எழுதிக்கொள்வது. நலம் என்று தொடங்குவது முறை என்பதால் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். உன் லேத் பட்டறைக்கு ஓர் ஆள் வேண்டும் என்றாயே, அந்த இடத்தை யாருக்கும் கொடுத்துவிடாதே. உன் அக்காவிடம் இப்போதைக்கு மூச்சு விடாதே.

விஷயம் இதுதான். எங்கள் கம்பெனிக்கு ‘லீன்’ என்று ஒரு புது முறை வந்திருக்கிறது. வீண் வேலை, வீண் அலைச்சல், வீண் சாமான் எதுவும் இருக்கக் கூடாதாம். நல்லதுதானே என்று நானும் கைதட்டினேன். மறுநாளே ஓர் ஆலோசகர் வந்து, ஒரு மாதமாகத் தொடாத பொருளுக்கெல்லாம் சிவப்பு அட்டை கட்டினார். எதற்காவது உதவும் என்று நான் இருபத்திரண்டு வருடமாகச் சேர்த்த போல்ட், நட்டு டப்பாக்கள் பதினேழும் போயின. என் ஸ்டூலுக்கும் அட்டை. “அதுல தினமும் உட்கார்றேனே சார்” என்றேன். “அதான் பிரச்சினையே” என்றார். ஸ்பேனர் ஒவ்வொன்றுக்கும் பலகையில் அதன் உருவத்தை வரைந்து அதிலேயே மாட்டச் சொன்னார்கள். அது ஒன்றுதான் உருப்படி என்று வீட்டில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இப்போது சமையலறைச் சுவர் முழுக்கக் கரண்டி வரைந்திருக்கிறாள் உன் அக்கா, மாற்றி மாட்டினால் எனக்குக் காபி கிடையாது. இதோடு விட்டார்களா? நேற்று ஆலோசகர் நோட்டும் கையுமாக என் பின்னாலேயே வந்து காலடி எண்ணினார். என் லேத் ஒரு மூலை, டிரில்லிங் மெஷின் மறு மூலை. ஒரு உருப்படிக்குப் போக வர நூற்றெண்பது காலடி. எண்ணி முடித்துவிட்டு எல்லார் முன்னாலும், “இவ்வளவு நடக்கறீங்களே, இது வேலையே இல்லை, வீண்” என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! மெஷினை அங்கே வைத்தவன் நானா? வாரம் ஒரு யோசனை எழுதிப் போடச் சொல்லி வாசலில் பெட்டி வைத்திருக்கிறார்கள். “அந்த மெஷின் இங்க வரணும், இல்லாட்டி நான் வெளியே போகணும், ரெண்டுல ஒண்ணு பாருங்க” என்று எழுதி, கையெழுத்தும் போட்டு, உள்ளே தள்ளிவிட்டேன். தள்ளிய பிறகுதான் வீட்டு நினைப்பு வந்தது. பெரியவள் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்களே, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். மெஷினைத் தூக்க எட்டுப் பேர் வேண்டும். என்னை அனுப்ப ஒரு காகிதம் போதும். பயமாக இருக்கிறது மாப்பிள்ளை.

உன் தொழில் தழைக்கட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசி, தங்கச்சிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். டிரில்லிங் மெஷின் என் லேத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது! முந்தின ஷிப்டிலேயே நகர்த்திவிட்டார்களாம். மேனேஜர் வந்து, “இதை ஏன் இத்தனை வருஷமா சொல்லலை?” என்றார். “யாரும் கேக்கலையே சார்” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு, அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடு.

இல்லை, ஒரு வாரம் பொறு. கேட்டுவிட்டார்களே என்று ஒரே மூச்சில் பதினோரு யோசனை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டேன். மூன்றாவது, மேனேஜருடைய அறை எதற்கு என்பது.