தலையணைக்கு மருதாணிப் பூ

மடி நிறைய மருதாணிப் பூவோடு கோவில்பதாகை ஏரிக்கரையில் போய்க்கொண்டிருந்த வரதன் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் பூவின் சக்தி போய்விடும்.

மகள் வடிவு ஒன்பது நாளாகத் தூங்கவில்லை. "காத்து சேஷ்ட" என்றாள் பச்சிலை வைத்தியம் பார்க்கும் பொன்னம்மாள். அவள் தோட்டத்து மருதாணிக்குப் பேயும் பயப்படும் என்பது ஊர் நம்பிக்கை.

"விடியகாலைல நீயே வந்து பறிச்சி, பொண்ணு தலகாணிக்கு அடில வையி நைனா. வெக்கிற வரிக்கும் ஒரு வார்த்த பேசக் கூடாது."

ஊரிலேயே அதிகம் பேசுகிறவர் வரதன். ஆனால் மகள் என்றால் அவருக்கு உயிர். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

பாதி வழியில் பரந்தாமன் வெற்றிலைத் தாம்பாளத்தோடு நின்றார். பக்கத்தில் மணியக்காரர்.

"வரதா, எம் புள்ள சம்பத்துக்கு உம் பொண்ண குடு. மூணு வாட்டி வாணாம்னுட்ட. இது நாலாவது வாட்டி."

யுத்தத்துக்காக ஆவடியில் போட்ட பட்டாள முகாமில் சம்பத் மண் சுமக்கிறான். நாளைக்கு யுத்தம் நின்றால் எதைச் சுமப்பான்? கேள்வி வரதனின் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டுத் தலையை மட்டும் வேகமாக ஆட்டினார்.

"தலய ஆட்றாரு, சரின்றாரு" என்றார் மணியக்காரர்.

வரதன் பதறிக் கையை விரித்தார். மடி நழுவிப் பாதிப் பூ தாம்பாளத்தில் கொட்டியது.

"பூவே வச்சிட்டாரு! இன்னும் இன்னா?" என்றார் மணியக்காரர்.

போய்த் தொலையுங்கள் என்று கையை வீசினார். கை அவருடைய வீட்டுப் பக்கமாகப் போனது.

"ஊட்டாண்ட கூப்புடறாரு, நடங்க!"

மிச்சப் பூவைப் பொத்திக்கொண்டு வரதன் ஓடினார். அவர்களும் பின்னால் ஓடினார்கள். சாப்பாடு இருக்கும் என்று வழியில் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

வீட்டில் மனைவி பூங்காவனத்தோடு பொன்னம்மாள் காத்திருந்தாள். வரதன் பூவைத் தலையணைக்கு அடியில் வைத்தார். பரந்தாமன் தாம்பாளத்தை நடுவீட்டில் வைத்தார். வடிவு ஒரு கண்ணால் தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு, புரண்டு படுத்துக் குறட்டை விட ஆரம்பித்தாள்.

இனிப் பேசலாம். வரதன் வாயைத் திறந்தார்.

"கத்தாதய்யா, கொயந்த தூங்குது" என்றாள் பூங்காவனம்.

ஒன்பது நாளுக்குப் பிறகு மகள் தூங்குகிறாள். வரதனுக்குக் கோபம் போய்க் கண் கலங்கிவிட்டது.

"பேசாம வந்ததுக்கு பூவு வேல செஞ்சிடுச்சி" என்று கிசுகிசுத்தார்.

"பூவு பேசனாலும் வேல செய்யும் நைனா" என்றாள் பொன்னம்மாள். "பேசக் கூடாதுன்றது உம் பொண்ணு சொன்ன வைத்தியம்."