கோட்டு மேஸ்திரியும் என் ஜிப்பாக்களும்

வெள்ளைக்காரன் காலத்தில் கொல்லிமலை முழுக்கத் தேடினாலும் உடுத்தத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவரிடம் இருந்ததும் ஒரே ஒரு கோட்டுதான். நாங்களெல்லாம் சும்மா உடம்பை மூடிக்கொண்டிருந்தோம்.

அந்த மலையிலேயே குண்டூர் நாடு என்கிற பகுதியில் ஒரு காப்பித் தோட்டத்தில் நான் கணக்குப்பிள்ளை, அவர் மேஸ்திரி. பேர் என்னவோ, 'கோட்டு மேஸ்திரி' என்றால்தான் மலைக்கே தெரியும். குள்ளமான மனிதர். கெட்டித் துணியாகப் பார்த்து எடுத்து, சேலத்துத் தையல்காரரைப் படாத பாடு படுத்தித் தைத்த கோட்டு அது. ஒரு பக்கம் கறுப்பு, திருப்பிப் போட்டால் காக்கி. கறுப்பு கல்யாணத்துக்கும் சாவுக்கும், காக்கி வேலைக்கு. கைகள் இரண்டையும் பொத்தானைக் கழற்றித் தனியே எடுத்துவிடலாம். மிளகு பறிக்கையில் ஒரு கையைக் கழற்றி, நுனியை முடிந்து பையாக்கிக்கொள்வார். சந்தைக்குப் போகிற வழியில் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தபோது அந்தக் கோட்டுதான் தொட்டில். மேஸ்திரிக்குத் தொந்தி விழுந்ததும், உள்ளே மடித்து வைத்திருந்த துணியைப் பிரித்துவிட்டார். கோட்டும் கூடவே பெருத்தது.

நானோ சேலம் போகும்போதெல்லாம் மல் ஜிப்பா வாங்குவேன். ஒரு அடைமழை முடிவதற்குள் அதில் கரும்புள்ளி விழுந்துவிடும். அவர் கோட்டை அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவார். பூஞ்சை கிட்டே வராது. தோட்டத்துப் பெண்கள் என் புது ஜிப்பாவை ஏறிட்டும் பார்க்காமல், "கோட்டு நல்லா இருக்குதுங்க மேஸ்திரி" என்பார்கள். எனக்கு வயிறு எரியும். அன்றைக்குச் சோறு இறங்காது.

ஒரு ஐப்பசியில் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து, எனக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பா மலையேறி என்னைப் பார்க்க வந்தார். பெண்ணை நான் தேர்த் திருவிழாவில் பார்த்து, அன்றிலிருந்தே கிறங்கிக் கிடந்தேன். என் செழிப்புத் தெரியட்டும் என்று ஜிப்பாக்களைக் கொடியில் வரிசையாகப் போட்டிருந்தேன்.

"ஏனுங்க, அத்தனையும் உங்களுதுங்களா?"

"ஆமாங்க. எல்லாம் இந்த வருசம் எடுத்ததுங்க" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

அவர் ஒன்றை விரலால் தொட்டார். கிழிந்தது. மாட்டுக் கயிற்றையே பேரன் காலம்வரை காப்பாற்றுகிற குடியானவர். முகம் தொங்கிவிட்டது.

"துணியவே இப்பிடி வெச்சிருக்கறீங்க. எம்பொண்ண எப்பிடீங்க வெச்சுக்குவீங்க?"

அந்த நேரம் பார்த்தா மேஸ்திரி மழையில் வந்து நிற்க வேண்டும், கோட்டோடு. பெரியவர் அதைத் தடவினார். தையலை இழுத்துப் பார்த்தார்.

"எத்தன வருசத்துதுங்க?"

"பன்னெண்டு இருக்குமுங்க."

"உங்களுக்குக் கண்ணாலம் ஆயிருச்சுங்களா?"

ஜிப்பா போனது போதாதென்று பெண்ணும் கைவிட்டுப் போகிறாள், அதுவும் இந்த மனிதரிடம். மேஸ்திரி என் முகத்தை ஒரு தரம் பார்த்தார்.

"கோட்டு என்னுதில்லீங்க. கணக்குப்புள்ளயோடதுங்க. மழைக்கு எரவல் வாங்குனனுங்க" என்று கழற்றி எனக்கு மாட்டிவிட்டார். கோட்டின் கை என் முழங்கையோடு நின்றுவிட்டது.

"கை எட்டலீங்களே?"

"சின்னப் பையனா இருக்கறப்ப தெச்சதுங்க. உடம்பு பெருக்கப் பெருக்க தையலப் பிரிச்சு உட்டுக்கிட்டாருங்க. கைதானுங்க ஒண்ணும் பண்ண முடியல."

பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே நிச்சயம் பேசி முடித்தார்.

மேஸ்திரி ஒரு சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் இறங்கினார். சாக்கில்கூட மனிதர் எடுப்பாகத்தான் இருந்தார். எனக்குப் பொறாமையில் பற்றிக்கொண்டு வந்தது. ஐயோ, இந்த மனிதருக்குக் குளிருமே என்று நெஞ்சும் கிடந்து அடித்துக்கொண்டது.