ஒலிப்பதிவில் ஒரு சின்ன இடம் குறித்து மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியம் என்பது உங்கள் அத்தை தினமும் போனில் பேசும் நீளத்திலிருந்தே தெரிவதால் தனியாக விசாரிக்கவில்லை. இதையும் போனிலேயே கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை, அதனால் கடிதம்.

கடைக்குக் கடனில் வாங்கிய ஜெராக்ஸ் மிஷின் கதை உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூட விடுமுறையில் வியாபாரம் படுத்துவிட்டது, தவணை தவறியது, நான் மறுக்கவில்லை, பள்ளி திறந்ததும் கட்டிவிடுகிறேன் என்று சொல்லியும் பார்த்தேன், ஆனால் அந்த வசூல்காரன் விடிந்தால் போன், சாப்பிட உட்கார்ந்தால் போன், கடைசியில், "உங்க சம்பந்தி வீட்டுக்கே போன் போட்டு உங்க பொண்ணைக் கேக்குறேன்" என்றான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை மாப்பிள்ளை. மிஷினைத் தூக்கிக்கொண்டு போனாலும் போகட்டும், புகுந்த வீட்டில் என் பெண் தலைகுனியக் கூடாது.

அப்போதுதான் நீங்கள் சொன்னீர்கள், நான் பேசும் பேச்சை நானே பதிவு செய்வது தப்பில்லை, ஆனால் ஒரு நொடிகூட வெட்டாமல் கொடுத்தால்தான் புகார் நிற்கும் என்று. என் போனில் பதிவு வசதி இல்லையாம். அதனால் அதை ஸ்பீக்கரில் போட்டு, உங்கள் அத்தை தன் போனைப் பக்கத்தில் பிடிப்பதாக ஏற்பாடு. முதல் தடவை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, மிரட்டல் ஒன்றும் கேட்கவில்லை, யாருடைய பத்திரமோ நகலாகும் சத்தம் மட்டும் தெள்ளத் தெளிவாக விழுந்திருக்கிறது. அடுத்த தடவை அவள் வீடியோ எடுத்துவிட்டாள், அதில் மின்விசிறி சுற்றுகிறது, முன்னால் அவள் கட்டைவிரல். அதற்கடுத்த தடவைதான் கச்சிதம். சம்பந்தி வீடு, பெண், மானம் எல்லாம் அவன் வாயாலேயே மணி மணியாக விழுந்துவிட்டது. கேட்டதும் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது.

ஆனால் நடுவில் ஒரு சின்ன இடம். கோபத்தில் நம் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரைப் பற்றி நான் இரண்டு வார்த்தை விட்டுவிட்டேன். யார் என்பது முக்கியமில்லை. உங்கள் அத்தையும் பக்கத்தில் நின்று "வாஸ்தவம்தானே" என்கிறாள். அவளோ மூன்றாவது ஆள், அவளைக் கேட்காமல் அவள் பேச்சைப் பதிவு செய்தது குற்றமாகுமா? பதிவு செய்ததும் அவளேதான் என்பதால் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. போகட்டும், அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்கலாமா? இந்த அளவுக்குக்கூடவா சட்டத்தில் இரக்கம் இருக்காது?

மற்றபடி பள்ளி திறந்துவிட்டது, கடையில் நிற்க இடமில்லை, ஒரு தவணையைக் கட்டிவிட்டேன், மீதியும் கட்டிவிடுவேன். புகார் போய்ச் சேர்ந்தால் அவன் வாயும் அடங்கும். நீங்களும் மகளும் நோய்நொடி இல்லாமல், வசூல்காரர் தொல்லை இல்லாமல், நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் திறமையில் ஒருநாளும் சந்தேகப்படாத
மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கப் போகும்போது உங்கள் அத்தை சொல்கிறாள், பதிவை நேற்றே முழுசாக உங்களுக்கு அனுப்பிவிட்டாளாம். அப்படியானால், "வக்கீல் மாப்பிள்ளைகிட்ட வாங்கிக் கட்டுங்க" என்று அவன் சொன்னதும், "அவரா? வாய்தாவைத் தவிர அவர் எதையும் வாங்கி நான் பார்த்ததில்ல" என்று நான் சொன்னதும் உங்கள் காதுக்கு வந்தாயிற்று. இனி இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. தபால்தலை ஒட்டிய பாவத்துக்கு அனுப்புகிறேன். உங்கள் பதிலையும் அவள் இப்போதுதான் படித்துக் காட்டினாள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமா, எதையும் வெட்டாதீங்க. சொந்த மாப்பிள்ளையை இப்படித் திட்டுற பதிவை ஜோடிச்சதுன்னு எவனும் சொல்ல முடியாது. புகாரை நாளைக்கே போடுறேன். வாய்தா வாங்க மாட்டேன்."