மாப்பிள்ளையின் வீட்டுக் கடனும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. நான் நலம். உங்கள் அத்தையும் நலம், அவள் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அங்கே மூவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

விஷயம் உங்கள் வீட்டுக் கடன். மூன்று வருடமாகத் தவணை கட்டியும் அசல் அசையவே இல்லை என்று மகள் போனில் அழுதாள். அதற்காக நீங்கள் ஞாயிற்றுக்கிழமையும் வேறொரு வேலைக்குப் போகிறீர்களாம், போகவிடாமல் பேத்தி செருப்பை ஒளித்துவைத்தாளாம், நீங்கள் குளியலறைச் செருப்போடே கிளம்பிவிட்டீர்களாம். எனக்கு மனசு தாங்கவில்லை. நேரே வங்கிக்குப் போய், “கட்டின பணமெல்லாம் எங்கய்யா போச்சு?” என்று கத்தினேன். விளையாட்டு வாத்தியாராக மைதானத்தில் கத்திப் பழகிய குரலா, அங்கே இருந்தவர்கள் எல்லாம் தாமாகவே வரிசையில் நின்றுவிட்டார்கள். கடன் பிரிவுப் பெண் மட்டும் அசரவில்லை. “உக்காருங்க சார், நான் உங்ககிட்ட படிச்சவதான்” என்றாள். அடங்கிவிட்டேன்.

“மாசாமாசம் மீதியிருக்கிற அசலுக்கு வட்டி போடுவோம் சார். தவணையில முதல்ல அந்த வட்டி போயிடும், மிச்சம்தான் அசல்ல கழியும். ஆரம்பத்துல அசல் பெருசு, அதனால வட்டியே முக்கால்வாசியத் தின்னுடும். போகப்போக அசல் வேகமா கரையும். நடுவுல மொத்தமா கட்டினா, அது நேரா அசல்ல கழியும்” என்றாள். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் கொண்டைக்கடலையை அசலாகக் குவித்துக் கணக்குப் போட்டேன். கணக்கில் ஏழாவது வருடம் வந்தபோது முகம் கழுவப் போய்விட்டு வந்தால், உங்கள் அத்தை அசல் முழுவதையும் ஊறப்போட்டிருந்தாள்.

ஆகவே, ஓய்வுபெற்றபோது எனக்கு வந்த பணத்தை உங்கள் அசலில் கட்டப்போகிறேன். மறுக்காதீர்கள். பெண்ணைக் கொடுத்த கடமைக்காக அல்ல, நீங்களும் எனக்குப் பிள்ளைதான். அப்படிக் கட்டினால் தவணையைக் குறைப்பதா, வருடத்தைக் குறைப்பதா என்று வங்கியில் கேட்கிறார்கள். வருடத்தைக் குறைத்தால்தான் வட்டி நிறைய மிச்சம். இத்துடன் உள்ள படிவத்தில் அப்படியே எழுதிவிட்டேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள்.

மூவரும் நீடூழி வாழ ஆசிகள். பேத்திக்கு இரண்டு முத்தம், ஒன்று செருப்பை ஒளித்ததற்காக.

இப்படிக்கு,
கணக்குப் புரிந்துவிட்ட உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும்போது உங்கள் அத்தை வாங்கிப் படித்தாள். “வருஷத்தக் குறைச்சா மாசத் தவணை அப்படியேதானே இருக்கும்? அப்புறம் அவரு ஞாயித்துக்கிழமை எப்படி வீட்ல இருப்பாரு?” என்று கேட்டாள். படிவத்தைக் கிழித்துவிட்டேன், தவணையைக் குறைக்கச் சொல்லி வேறொன்று வைத்திருக்கிறேன். கடன் மெதுவாகவே தீரட்டும் மாப்பிள்ளை. அதுவரை பேத்தி குழந்தையாகவே இருக்கமாட்டாள்.