வந்து சேராத கப்பலின் கேப்டன்

சரக்குக் கப்பல் என்பது ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்குவதற்காகக் கட்டப்பட்டது என்று நம்புகிறவர்கள், துறைமுக ஆபீஸ் படியேறிச் செருப்புத் தேயாதவர்கள்.

அந்தக் கப்பலில் ஏற்றியது நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள். வழியில் அடித்த புயலில் ஒன்று கடலுக்குள் போய்விட்டது. மிச்சத்தை இறக்கிவிட்டுக் கேப்டன் கையெழுத்து வாங்க வந்தார். கையெழுத்து விழுந்தால்தான் துறைமுக வாசலைத் தாண்ட பாஸ். மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் மகளுக்குக் கல்யாணம்.

குமாஸ்தா படிவத்தைப் புரட்டினார். "மூணு கட்டந்தான் இருக்கு. இறக்கியாச்சு, கப்பல்ல இருக்கு, பயணத்துல இருக்கு. உங்க பெட்டி இதுல எது?"

"கடல்ல விழுந்துடுச்சு சார். கண்ணால பாத்தேன்."

"விழுந்ததுக்குக் கட்டம் இல்லையே. மிதக்குதா?"

"மிதக்கலாம்..."

"அப்ப பயணத்துல இருக்கு." டிக் அடித்தார். "சரக்கு பயணத்துல இருந்தா, பயணம் முடியல. பயணம் முடியலேன்னா கப்பல் இன்னும் வரல. வராத கப்பல்லேருந்து யாருய்யா இறங்குவா? பாஸ் கிடையாது."

"சார், கப்பல் உங்க ஜன்னலையே மறைச்சுக்கிட்டு நிக்குது!"

"அதான் பட்டப்பகல்ல லைட் போட்டிருக்கேன்."

நானாயிருந்தால் மேசையைப் புரட்டியிருப்பேன். கேப்டன் புயலையே பார்த்தவர். பல்லைக் கடித்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனார்.

மேலதிகாரி இளகிய மனசுக்காரர். கோப்பைப் படிக்கப் படிக்க அவர் கண் கலங்கியது. "நேத்தே வரவேண்டிய கப்பல். இன்னும் வரலியே. ஐயோ, எத்தனை உயிரோ!"

உடனே, மேற்படிக் கப்பலும் அதன் சிப்பந்திகளும் கடலில் காணாமற்போனதாகக் கருதி, ஆழ்ந்த வருத்தத்துடன் குடும்பத்தாருக்குக் கடிதங்கள் அனுப்பப்பட்டன. ஆபீஸே எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் காத்தது. எல்லாரும் நிற்கும்போது தான் மட்டும் உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை என்று கேப்டனும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்.

மேலதிகாரி அவர் தோளைத் தொட்டார். "செத்துப்போன கேப்டனுக்கு நீங்க என்ன வேணும்?"

கேப்டனுக்குப் பளிச்சென்று விஷயம் பிடிபட்டது. "ரொம்ப நெருங்கின சொந்தங்க."

"அடப்பாவமே. இவருக்கு உறவினர் பாஸ் போடுப்பா, சீக்கிரம்!"

மறுநாள் ஒன்பதே முக்காலுக்குக் கேப்டன் கல்யாணக் கூடத்துக்குள் மூச்சிரைக்க ஓடினார். கடிதம் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அரசாங்கத் தபால் நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரத்தில் அந்த ஒரு நாள்தான்.

கூடமே எழுந்து நின்றது. அந்த ஆபீஸை வாழ்நாளில் ஒரு தடவையாவது வாய்கிழியத் திட்டாத ஆள் அங்கே ஒருவர்கூட இல்லை. அத்தனை பேரும் கடிதத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"அடியே, நான்தாண்டி!" என்றார் கேப்டன், மனைவியிடம்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தாள்.

"இதுல சீல் இருக்குங்க. நீங்க சீல் இல்லாம சும்மா வந்திருக்கீங்களே."